கஸ்தூரிக்கு ஒரு சனிக்கிழமை, எனக்கு ஒன்பது மாதம்

ஆண்டவருடைய பிள்ளைகள் எல்லாருக்கும் என் ஸ்தோத்திரம். இன்று காலை முழங்காலில் நின்று ஜெபித்தேன். யாரும் கைகொடுக்காமல் எழுந்தேன். காபி போட்டுக் குடித்துவிட்டு இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். இதில் சாட்சி சொல்ல என்ன இருக்கிறது என்று நினைப்பீர்கள். இருக்கிறது. ஆனால் சொல்லப்போவதில் பாதி எனக்கு வெட்கமான சங்கதி. அதனால்தான் நாலு வருஷமாகத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன்.

என் பெயர் ஞானசெல்வி. பல்லாவரத்தில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். வீடு சேலையூரில். வீட்டுக்காரர் ரயில்வேயில் கிளார்க். ஒரே மகள்.

1989 கோடையில் எங்கள் தெருக் கிணறுகள் எல்லாம் வற்றிவிட்டன. தண்ணீர் லாரி எப்போது வரும் என்று தெரியாது, வந்தால் எத்தனை நிமிஷம் நிற்கும் என்றும் தெரியாது. ஒரு நாள் காலை, பள்ளிக்கு நேரமாகிவிட்ட அவசரத்தில், இடுப்பில் ஒரு குடம், கையில் ஒரு குடம் என்று இரண்டையும் ஒரே நடையில் தூக்கினேன். வாசல்படி ஏறும்போது கீழ் முதுகில் சுருக்கென்றது. அப்படியே உட்கார்ந்தவள்தான். அன்று பிடித்த வலி மூன்று வருஷம் என்னை விடவில்லை.

பார்க்காத வைத்தியம் இல்லை. எக்ஸ்ரே எடுத்தார்கள். மூன்று வாரம் அசையாமல் படுக்கச் சொன்னார்கள், படுத்தேன். காலில் கயிறு கட்டி எடை தொங்கவிட்டார்கள். ஊசி போட்டார்கள். இடுப்புக்கு ஒரு பெல்ட் கொடுத்தார்கள். மாத்திரை தின்று தின்று வயிறு புண்ணானது. ஒரு டாக்டர் ஆபரேஷன் செய்து பார்க்கலாம் என்றார். "பார்க்கலாம்" என்ற அந்த வார்த்தையைக் கேட்டதும் என் வீட்டுக்காரர் என்னைக் கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். தாம்பரம் ஸ்டேஷன் படிக்கட்டில் ஏறும்போது பின்னால் வருகிறவர்கள் எல்லாம் என்னை முந்திக்கொண்டு போவார்கள். கரும்பலகையில் பாதிக் கணக்கு எழுதுவதற்குள் கண்ணில் நீர் வந்துவிடும். இப்படியே போனால் நீண்ட விடுப்பு எடுப்பதுதான் நல்லது என்று தலைமையாசிரியை நயமாகச் சொல்லிவிட்டார். வேலையை விட்டுவிட்டு வீட்டில் படுத்துக் கிடப்பதை நினைத்தாலே எனக்குப் பயமாக இருந்தது.

எல்லாவற்றையும்விட எனக்குப் பெரிய அவமானம் ஒரு நாற்காலி. எங்கள் சபையில் சனிக்கிழமை தோறும் பெண்களுக்கு உபவாச ஜெபம். பாய் விரித்து எல்லாரும் முழங்காலில் நிற்பார்கள். எனக்கு மட்டும் கடைசி வரிசையில் ஒரு மர நாற்காலி போடுவார்கள். அந்தக் கோயில் மதில் சுவர் என் அப்பா முன்நின்று கட்டியது. அங்கே ஞானஸ்நானம் வாங்கி, அங்கேயே கல்யாணம் முடித்தவள் நான். நாற்பது வயதில், எண்பது வயதுக் கிழவி மாதிரி நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

இப்போது கஸ்தூரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் கோவிலம்பாக்கத்திலிருந்து வருகிறவள். தாம்பரம் சானடோரியம் பக்கம் நாலைந்து வீடுகளில் பாத்திரம் தேய்த்துப் பிழைத்தாள். விசுவாசத்துக்கு வந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. பாட்டுப் புத்தகத்தில் எண் கண்டுபிடிக்கத் தெரியாது, நான்தான் பக்கத்தைத் திருப்பிக் கொடுப்பேன். அவளுக்கும் என்னை மாதிரியே முதுகு வலி. குனிந்து பாத்திரம் தேய்க்க முடியாமல் இரண்டு வீட்டு வேலை போய்விட்டது.

1991 ஜூலையில் ஒரு சனிக்கிழமை. எங்கள் சபைப் போதகரின் மனைவி ஐயரம்மா அவள் தலையில் கைவைத்து ஜெபித்தார்கள். கஸ்தூரி அழுதாள். எழுந்து நின்றாள். குனிந்தாள், நிமிர்ந்தாள். மறுபடி குனிந்து, மூலையில் இருந்த தண்ணீர் டிரம்மை இரண்டு கையாலும் தூக்கினாள். "நோவு இல்லமா, நெசமாவே இல்ல" என்றாள். மண்டபம் முழுக்க அல்லேலூயா. அன்று போன வலி அவளுக்கு இன்று வரை திரும்பவில்லை. அது மெய்யான சுகம். அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

சந்தேகம் இருந்திருந்தால்கூட நன்றாயிருந்திருக்கும். பொய் என்று ஒதுக்கிவிட்டுப் போயிருப்பேன். மெய் என்பதால்தான் வயிறு எரிந்தது. அதே அறை, அதே உபவாசம், அதே ஐயரம்மா என் தலையிலும் எத்தனையோ தடவை கைவைத்திருக்கிறார்கள். இரண்டு வருஷத்துக்காரிக்கு ஒரு நிமிஷத்தில் கொடுக்கிறவர், தொட்டில் நாள் முதல் அவரைத் தெரிந்த எனக்கு ஏன் கொடுக்கவில்லை? அன்று உபவாசம் முடிந்து வீட்டில் எனக்குப் பிடித்த ரவா தோசை. தட்டை அப்படியே தள்ளிவைத்தேன்.

அதற்குப் பிறகு அவள் எது செய்தாலும் எனக்கு எரிச்சல். பஸ்ஸுக்கு ஓடினால் எரிச்சல். ஞாயிற்றுக்கிழமை சபையைப் பெருக்க முதல் ஆளாகக் குனிந்தால் எரிச்சல். இதில் வேடிக்கை, சுகமான பிறகு அவள் சனிக்கிழமைகளில் பாயை என் நாற்காலிக்குப் பக்கத்திலேயே விரிக்க ஆரம்பித்தாள். நான் எழுந்திருக்கும்போது கைகொடுக்கவாம். அந்தக் கையைப் பிடித்து எழுவதைவிட அங்கேயே கிடந்து செத்தால் தேவலை என்று இருக்கும்.

எங்கள் ஜெபத்தில் ஒரு வழக்கம் உண்டு. கடைசி அரை மணி நேரம் எல்லாரும் ஒரே சமயத்தில் வாய்விட்டு ஜெபிப்போம். அறுபது பெண்கள், அறுபது ஜெபம். அந்த இரைச்சலில் அவரவர் சொல்வது அவரவருக்கும் ஆண்டவருக்கும்தான் தெரியும். அதனால்தான் புருஷன் குடிப்பதையும் மாமியார் அடிப்பதையும் தைரியமாகச் சொல்லி அழுவார்கள். அப்படி ஒரு சனிக்கிழமை நான் ஜெபித்தது இது: "ஆண்டவரே, எனக்குக் கொடுக்காவிட்டாலும் போகட்டும். அவளுக்கு அந்த வலியைத் திருப்பிக் கொடும்."

ஒரு தடவை இல்லை. மூன்று நாலு சனிக்கிழமை அப்படியே ஜெபித்தேன். மறைக்காமல் எழுதிவிட்டேன்.

அதைவிட மோசமான காரியம் அடுத்து செய்தேன். மாதத்தின் முதல் ஞாயிறு எங்களுக்குச் சாட்சி வேளை. செப்டம்பர் மாதம் கஸ்தூரி எழுந்து இரண்டாவது முறையாகத் தன் சாட்சியைச் சொன்னாள். சபையே கண்ணைத் துடைத்தது. என்னால் தாங்க முடியவில்லை. கோயிலுக்குப் புறப்படும் முன் இரண்டு மாத்திரை போட்டிருந்தேன், அந்த நேரத்துக்கு வலி கொஞ்சம் மட்டுப்பட்டிருந்தது. எழுந்தேன். "ஆண்டவர் எனக்கும் பூரண சுகம் தந்தார்" என்றேன். சும்மா சொல்லவில்லை, எல்லார் முன்னாலும் முழங்காலில் நின்றும் காட்டினேன். ஐயரம்மா ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டார்கள். அடுத்த சனிக்கிழமை அந்த நாற்காலியைக் காணோம். தேவையில்லை என்று யாரோ எடுத்து உள்ளே வைத்துவிட்டார்கள்.

பொய்ச் சாட்சியின் கொடுமையை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். சுகமானவள் நொண்டக்கூடாது. சுகமானவள் மாத்திரை போடக்கூடாது. சேலைக்குள் பெல்ட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு மூன்று மணி நேரம் பாயில் முழங்காலில் நின்றேன். உதட்டைக் கடித்துக்கொண்டு எழுவேன். முதுகு வலி உள்ள வேறு பெண்கள் என்னிடம் ஜெபிக்க வந்தார்கள். அவர்கள் தலையில் கைவைத்தேன். ஆண்டவர் என்னை ஏன் அப்போதே அடிக்கவில்லை என்று இன்றைக்கும் ஆச்சரியப்படுகிறேன். வீட்டுக்காரர் மட்டும் ஒரு தரம், "செல்வி, இது யாருக்காக?" என்று கேட்டார். நான் பெல்ட்டை இன்னும் இறுக்கினேன்.

நவம்பரில் அறுப்பின் பண்டிகை. ஆராதனை முடிந்து சபைக்கே சாப்பாடு. கொல்லைப் பக்கத்திலிருந்து சாத அண்டாவைப் பந்திக்குக் கொண்டுவர வேண்டும். கஸ்தூரி ஒரு காதைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இன்னொரு பக்கம் பிடிக்க ஆள் தேடினார்கள். "கஸ்தூரி மாதிரி யார் தூக்குவா?" என்று ஒரு அம்மா சாதாரணமாகச் சொன்னார். அவ்வளவுதான். நான் போய் மறு காதைப் பிடித்தேன்.

பத்து அடி நடந்திருப்பேன். முதுகில் கத்தியால் குத்தின மாதிரி இருந்தது, கால் இரண்டும் இல்லாமல் போய்விட்டன. நான் விழுந்தேன். அண்டா என் மேல்தான் சாய்ந்திருக்கும். கஸ்தூரி கொதிக்கும் அண்டாவை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அவள் முழங்கை வரைக்கும் வெந்து போனது. பெண்கள் என்னைச் சமையல் கொட்டகைக்குள் தூக்கிப்போய், மூச்சு விட முடியாமல் தவிக்கிறேன் என்று சேலையைத் தளர்த்தினார்கள். பெல்ட் தெரிந்தது. ஐயரம்மா பார்த்தார்கள். எல்லாரும் பார்த்தார்கள். யாரோ சேலையை இழுத்து அதை மூடினார்கள். திட்டியிருந்தால் பரவாயில்லை.

அடுத்த ஆறு நாள் படுக்கைதான். பாத்ரூமுக்குக்கூட வீட்டுக்காரர் தூக்கிக்கொண்டு போனார். என் மகள் கதவருகில் நின்று பார்ப்பாள், உள்ளே வரமாட்டாள். இனி எனக்கு வேலையும் இல்லை, சபையும் இல்லை, ஆண்டவர் முகத்தில் விழிக்க வழியும் இல்லை என்று இருந்தது. முதல் முறையாக, கஸ்தூரியின் பெயர் இல்லாமல் ஒரு ஜெபம் செய்தேன். "என்னால் முடியவில்லை. ஏதாவது செய்யும்" என்பதுதான் அந்த ஜெபம்.

ஏழாவது நாள் வாசலில் கஸ்தூரி. இரண்டு கையிலும் கட்டு. கையில் ஒரு மஞ்சள் அட்டை. அவள் பாத்திரம் தேய்க்கும் வீட்டு அம்மா, சாந்தா மேடம், குரோம்பேட்டைப் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சி சிகிச்சை கொடுப்பவர். அங்கே நாள்பட்ட முதுகு வலிக்கென்று தனியாக ஒரு பிரிவு வைத்திருக்கிறார்களாம். வியாழக்கிழமை என்னை வரச் சொல்லியிருக்கிறார்களாம்.

"எனக்கு ஒரே நாள்ல போயிட்சு. ஏன் போச்சுனு எனக்கு இன்னா தெரியும் டீச்சர்? உனக்கு இப்டி குடுக்குறாரோ இன்னாவோ. வந்து தான் பாரேன்" என்றாள்.

அந்த அட்டையை அவள் முகத்தில் எறியத் தோன்றியது. எனக்கு நல்லது செய்ய உலகத்தில் இவள் ஒருத்திதானா கிடைத்தாள்? ஆனால் வீட்டுக்காரர் வாங்கிக்கொண்டார். வியாழக்கிழமை டாக்ஸியின் பின் சீட்டில் படுக்கவைத்துக் கூட்டிப்போனார். அங்கே போனால் இன்னொரு எரிச்சல். புதிதாக வருகிறவர்கள் இரண்டு மாதம் காத்திருக்க வேண்டுமாம், என் பெயர் மட்டும் நோட்டில் தயாராக இருந்தது. ஆஸ்பத்திரியிலும் இவளுக்குச் செல்வாக்கா என்று நினைத்தேன்.

அந்த இடம் நான் பார்த்த ஆஸ்பத்திரிகள் மாதிரி இல்லை. ஒரு நீள மேஜை. எலும்பு டாக்டர், சாந்தா மேடம், அன்றாட வேலைகளை எப்படிச் செய்வது என்று கற்றுக்கொடுக்கும் ஒரு சார், மனசு விட்டுப் பேச ஒரு பெண், நாலு பேரும் ஒன்றாக உட்கார்ந்திருந்தார்கள். மேஜையில் எனக்கும் ஒரு இடம், வீட்டுக்காரருக்கும் ஒரு இடம். டாக்டர் ஒன்று சொல்லி அனுப்ப, மற்றவர் வேறொன்று சொல்லும் கதையே இல்லை. என் முன்னாலேயே பேசி, என்னிடமும் கேட்டு, ஒரே முடிவு எடுத்தார்கள். கத்தி இல்லை, ஊசி இல்லை. மாத்திரையை மெல்ல மெல்லக் குறைப்பது. பெல்ட்டை முதல் மாதமே வாங்கி வைத்துக்கொண்டார்கள். டாக்டர், "உங்க முதுகு உடைஞ்சு போகல டீச்சர். பயந்து போயிருக்கு. திரும்பப் பழக்கணும்" என்றார்.

பழக்கினார்கள். பாயில் படுத்து மூச்சை விட்டுக்கொண்டே வயிற்றை உள்ளிழுப்பதில் ஆரம்பம். பிறகு நடை. முதல் வாரம் எங்கள் வீட்டிலிருந்து ஒரே ஒரு மின்கம்பம் வரைதான். அடுத்த வாரம் இரண்டு கம்பம். இதில் சாந்தா மேடம் கண்டிப்பு. உடம்பு நன்றாக இருக்கிற நாளிலும் கூடுதலாக ஒரு கம்பம் போகக்கூடாது, முடியாத நாளிலும் ஒரு கம்பம் குறைக்கக்கூடாது. ஒரு நாள் தெம்பாக இருக்கிறதென்று மேடவாக்கம் ரோடு வரை போய்விட்டு வந்து படுத்துக்கொண்டேன். மறுநாள் என் வகுப்புப் பிள்ளைகளை நான் நிற்கவைப்பது போல என்னை நிற்கவைத்துத் திட்டினார். வேலை சொல்லித்தரும் சார், குடம் தூக்குவது முதல் நோட்டுத் திருத்துவது வரை எல்லாம் செய்து காட்டச் சொல்லி மாற்றிக்கொடுத்தார். ஜெபத்தில் எப்படி நிற்பீர்கள் என்றுகூடக் கேட்டார். ஒரு சின்ன முக்காலியில் கை ஊன்றி, ஒவ்வொரு காலாக மடக்கி இறங்கவும் ஏறவும் பழக்கினார். அவர் நெற்றியில் விபூதி. எனக்கு முழங்காலில் நிற்கக் கற்றுக்கொடுத்தது அவர்தான்.

ஒரு நோட்டும் போடச் சொல்லியிருந்தார்கள். காலை, மாலை வலி எவ்வளவு என்று பத்துக்கு மார்க். கணக்கு டீச்சருக்குச் சொல்ல வேண்டுமா, ஒரு நாள் விடாமல் எழுதினேன். ஆறு வாரம் கழித்து மேஜையில் நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்த அந்தப் பேசும் பெண், "எல்லா சனி, ஞாயிறும் எட்டு, ஒன்பது போட்டிருக்கீங்களே" என்றாள். முழங்காலில் நிற்பதால் என்றேன். ஆனால் அப்போது நான் முழங்காலில் நிற்கவில்லை, என் பழைய நாற்காலிக்குத் திரும்பிவிட்டிருந்தேன். என் கணக்கே என்னைக் காட்டிக்கொடுத்தது. "அங்க யார் வராங்க?" என்று கேட்டாள்.

என் மாணவி வயதுதான் அவளுக்கு. அவள் முன்னால் ஒரு மணி நேரம் அழுதேன். பொறாமை, பொய்ச் சாட்சி, அந்த ஜெபம், எல்லாம் சொன்னேன். அவள் முகம் சுளிக்கவில்லை. அடுத்த வியாழன் என் அனுமதியோடு மேஜையில் பேசினார்கள். பொறாமையால் வலி வந்தது என்று யாரும் சொல்லவில்லை. வலி மெய், அது குடத்தால் வந்தது. ஆனால் கஸ்தூரியைக் கண்டால் நான் மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன், பல்லைக் கடிக்கிறேன், முதுகு முழுக்க இறுகிப்போகிறது என்றார்கள். அதையும் பழக்க வேண்டும். சாந்தா மேடம் சொன்ன பயிற்சியைக் கேட்டால் சிரிப்பீர்கள். கஸ்தூரி வரும்போது மூச்சை வெளியே விட வேண்டும். அவ்வளவுதான். நான் செய்த பயிற்சிகளிலேயே கடினமானது அது.

ஒன்பது மாதம் ஆயிற்று. 1992 ஆகஸ்டில் நோட்டில் இரண்டு, மூன்று என்றுதான் மார்க் இருந்தது. வேலைக்கு முழுதாகத் திரும்பினேன். வலி அடியோடு போகவில்லை, இன்றும் மழை நாளில் எட்டிப் பார்க்கும். எனக்கு அதோடு வாழத் தெரிகிறது. அந்த மாத முதல் ஞாயிறு சாட்சி வேளையில் எழுந்து, போன வருஷம் நான் சொன்னது பொய் என்று சபைக்குச் சொன்னேன். என்னிடம் ஜெபிக்க வந்த பெண்களிடம் ஒவ்வொருவராக மன்னிப்புக் கேட்டேன். ஒரு அம்மா ஆறு மாதம் என்னோடு பேசவில்லை. நியாயம்தான்.

ஆனால் அந்த ஜெபத்தைச் சபையில் சொல்லவில்லை. கஸ்தூரியிடம் சொல்லாமல் அதை எங்கும் சொல்லக்கூடாது என்று தோன்றியது. ஆராதனை முடிந்து மதில் ஓரம் அவளை நிறுத்தினேன். கைத் தழும்பைப் பார்க்கவே முடியவில்லை. மூச்சை வெளியே விட்டேன். "கஸ்தூரி, உன் வலி உனக்கே திரும்பி வரணும்னு நான் ஜெபம் பண்ணினேன்" என்றேன்.

"தெரியும் டீச்சர்" என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

"உன் பக்கத்துல தானே முட்டி போட்டுகினு இருந்தேன். நீ மெதுவா தான் பேசுறேன்னு நெனச்சிகினு கீற. கிளாஸ்ல பேசுற கொரலு உனுது. எல்லாம் கேட்டுச்சு."

நான் மதிலைப் பிடித்துக்கொண்டேன். கேட்டுவிட்டு ஏன் என் பக்கத்திலேயே பாய் விரித்தாய் என்று கேட்டேனா, கேட்க நினைத்தேனா, ஞாபகம் இல்லை. அவளே சொன்னாள்.

"மொதல்ல கோவம் தான் வந்துச்சு. அப்புறம் நெனச்சேன், எவ்ளோ நோவு இருந்தா ஒருத்தி ஆண்டவர்கிட்ட போயி இப்டி கேப்பா. அன்னிக்கு சாயங்காலமே சாந்தாம்மாகிட்ட போயி உன் பேரு எழுதிக்கச் சொன்னேன். ரெண்டு மாசம் ஆவும்னாங்க."

நான் விழுந்த பிறகு அவள் போய் அட்டை வாங்கியதாகத்தான் அதுவரை நினைத்திருந்தேன். இல்லை. நான் சாபம் போட்ட அன்றைக்கே என் பெயர் அந்த ஆஸ்பத்திரி நோட்டில் ஏறிவிட்டது. பிறகு நான் பொய் சொன்ன நாட்களிலும், ஊருக்கு முன்னால் சுகமானவளாக நடித்த நாட்களிலும், அது அங்கே தன் முறைக்குக் காத்துக்கொண்டிருந்திருக்கிறது. மூன்று வருஷம் நான் செய்த பக்தியான ஜெபங்களுக்கு என்ன ஆனதென்று எனக்குத் தெரியாது. இந்தக் கேடுகெட்ட ஜெபத்தை ஆண்டவர் கேட்டார். கேட்க வேண்டியவள் காதிலும் விழவைத்தார்.

பிரியமானவர்களே, உங்களில் யாராவது பக்கத்து வீட்டில் விழுந்த ஆசீர்வாதத்தைப் பார்த்து வயிறெரிந்து கொண்டிருந்தால், அதை மறைத்து நல்ல வார்த்தை தேட வேண்டாம். இருக்கிறபடியே அவரிடம் சொல்லுங்கள். வலி இருந்தால் சுகமானேன் என்று நடிக்க வேண்டாம், வைத்தியரிடம் போக வெட்கப்படவும் வேண்டாம். நாலு பேர் கூடி உட்கார்ந்து என்னைத் தூக்கி நிறுத்தியதை நான் ஆண்டவர் செய்ததாகத்தான் எண்ணுகிறேன். அந்த விபூதி வைத்த சாரிடம் இதைச் சொன்னேன், அவர் சிரித்துவிட்டு இன்னொரு பத்து முறை முழங்காலை மடக்கச் சொன்னார்.

பொறாமை முழுதாகப் போய்விட்டதா என்று கேட்டால், பொய்ச் சாட்சி இன்னொரு தரம் சொல்லமாட்டேன். கஸ்தூரி சனிக்கிழமை பஸ்ஸிலிருந்து குதித்து இறங்கி ஓடி வருவதைப் பார்த்தால் இன்றும் உள்ளே சுருக்கென்கிறது. மூச்சை வெளியே விடுகிறேன். பிறகு நகர்ந்து, அவள் பாய்க்கு இடம் விடுகிறேன்.